மத்தியானம் யாரோட சாப்பிடுற?

ஜூன், ஜூலை மாதங்களில் ஆலோசனைக்காக என்னிடம் வரும் பிள்ளைகளில் ஆறாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும்தான் அதிகம். பெற்றோர் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. 'சும்மா நடிக்கிறா மேடம்' என்று சலித்துக்கொள்வார்கள். பயமும் பதற்றமும் வயிற்றில் வலியாகத் தெரிவது சிறுபிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். அந்த வலி நிஜம்தான்.

'ஸ்கூல் பிடிச்சிருக்கா?' என்று நான் கேட்பதில்லை. எந்தப் பிள்ளையும் 'ம்' என்று தலையாட்டிவிடும். 'மத்தியானம் யாரோட சாப்பிடுற?' என்று கேட்பேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, 'கை கழுவுற குழாய்கிட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவேன் மிஸ்' என்றாள். நன்றாகப் படிக்கிற பெண். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவளிடம் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

அவளை யாரும் அடிக்கவில்லை, கேலி செய்யவுமில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வருடம் அதே பிள்ளைகள், பாட்டி பெயர் வரைக்கும் தெரிந்த டீச்சர். இந்தப் புதுப் பள்ளியில் ஏ, பி, சி என்று பிரிவுகள், பீரியடுக்கு ஒரு ஆசிரியர். அவள் வராத நாளில், ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

அமெரிக்க உளவியலாளர் கரோல் குட்நௌ 1993-ல், மாணவர் தன் பள்ளியை எவ்வளவு தன்னுடையதாக உணர்கிறார் என்று அளக்க 18 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். நான் நன்றாகச் செய்வதை இங்கே கவனிக்கிறார்களா, நான் நானாக இங்கே இருக்க முடிகிறதா என்ற போக்கில்தான் அதில் பலவும் இருக்கும். கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ் பற்றியெல்லாம் பேச்சே இல்லை.

நம் ஊரில் இதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவையும் அதன் பரிந்துரைகள். அவசியமானவைதான். ஆனால் பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகளேதான் முடிவு செய்கிறார்கள். சத்துணவுத் தட்டு ஒரு பக்கம், வீட்டு டிபன் பாக்ஸ் ஒரு பக்கம் என்று வட்டம் பிரிவதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் அங்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாலே நிறைய தெரிந்துவிடும்.

அப்புறம் பி.டி. பீரியட். இரண்டு கேப்டன்கள் ஆள் எடுக்க, கடைசிவரை நிற்பது எப்போதும் ஒரே பிள்ளைதான். வரிசை எண்படி பிரித்துவிட்டால் போயிற்று. லீவு முடிந்து வருகிறவரிடம் 'லெட்டர் எங்கே?' என்பதற்கு முன்னால் 'நேத்து உன்னைத் தேடினேன்டா' என்று சொல்ல எந்த அரசாணையும் வேண்டாம்.

வயிற்றுவலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். 'நான் இல்லாட்டி யாருக்கு என்ன' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.