பஞ்சாயத்து போய் மாநகராட்சி வந்தால் பட்டா மாறுமா?

போன மாதம் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு அலுவலகத்துக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வேண்டும். வங்கி லீகல் ஒப்பீனியன், அதாவது பத்திரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று என்னைப் போன்ற வக்கீல் தரும் கருத்து, கேட்டிருக்கிறது. பையில் இருந்ததை மேசையில் பரப்பினேன். கிரையப் பத்திரத்தில் கதவு எண் 12. 2021 வரையிலான வரி ரசீதுகளில் பேரூராட்சியின் முத்திரை, அதே 12. அதற்குப் பிறகு வந்த மாநகராட்சி ரசீதில் கதவு எண் 47, தெருப் பெயரோடு புதிதாக ஒரு ‘முதல் குறுக்கு’, வரி விதிப்பு எண்ணோ முழுக்க வேறு.

"வீடு அதேதான் சார், செங்கல் செங்கல்லா நான் கட்டினது" என்றார். அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் வங்கிக்குத் தாள்தான் பேச வேண்டும்.

பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் முடிச்சுப் போட ஏதாவது ஒரு தாள் கிடைக்குமா என்று மண்டல அலுவலகத்தில் கேட்டோம். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் பழைய கேட்புப் பதிவேடு ‘எங்கேயோ’ இருக்கிறதாம். மூன்று வாரம் அலைந்த பிறகு நாங்கள் தேடிய தாள் கிடைத்த இடம் பெரியவர் வீட்டு சாமி அலமாரி. 2022 வரிச் சீராய்வின்போது வந்த நோட்டீஸை அவர் மனைவி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அதில் பழைய விதிப்பு எண், புதிய விதிப்பு எண் இரண்டுமே இருந்தன. வேலை முடிந்தது.

அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளை ஒன்றாக்கும்போது இந்தத் தலைவலி வந்தே தீரும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. பத்து அலுவலகம் என்றால் பத்து விதமான பதிவேடு, பத்து பீரோ. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள மன்றங்களும் பத்துதான். 2011-ல் அவை கூட்டு ஆணையம் அமைத்தபோது பத்தும் அப்படியே இருந்தன. போக்குவரத்து மாதிரி பொது வேலைகளுக்கு மட்டும் மேலே ஓர் அமைப்பு வந்தது. நம் ஊரில் இணைப்பு என்றால் பழையது கலைந்துவிடும். நீங்கள் கேள்வி கேட்கப் போகும் அலுவலகமே இருக்காது.

சரி, பட்டா விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் அதிகம் பேர் கேட்பது அதைத்தான். மாறாது. பட்டா வருவாய்த்துறைக் காகிதம். பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறையுடையவை. உள்ளாட்சி இணைந்தால் மாறுவது சொத்து வரி, தண்ணீர், சாக்கடை, குப்பை, கட்டட அனுமதி இவைதான். உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் அப்படியே இருக்கும். பின்னாளில் நகர நில அளவை நடந்தால் மட்டும் சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வரும். அந்த நேரத்தில் அளவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "மாநகராட்சி ஆயிடுச்சு, பட்டாவைப் புதுசா மாத்தணும்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய கவலை எனக்குப் பூங்கா இடங்களைப் பற்றித்தான். பெரிய லேஅவுட் போடுகிறவர், சாலை போக மீதி இடத்தில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கென்று ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தெருக்களும் அப்படித்தான். அந்தப் பத்திரம் இருப்பது பழைய ஊராட்சியின் பெயரில். இணைப்பின்போது அது புதிய மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போனால், கேட்பாரற்ற காலி மனை என்று நினைத்து ஒரு நாள் அங்கே கம்பி வேலி முளைக்கும். ஒரு நகர் நலச் சங்கத்துக்காக நான் பார்த்த வழக்கில், பூங்காவுக்கு விட்ட இடத்தை லேஅவுட் போட்டவரின் வாரிசுகளே மனையாகப் பிரித்து விற்றிருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல் கிடைத்ததால் தப்பித்தோம். உங்கள் நகரின் லேஅவுட் வரைபடத்தையும் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் சங்கம் இப்போதே எடுத்து வைக்கட்டும். அந்த இடம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதை, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம்.

வரி? கூடும். ஆனால் இணைந்த மறுநாளே நகர மையத்தின் வரி வந்து தலையில் விழும் என்பதில்லை. சென்னை மாநகராட்சியோடு 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. பதினோரு வருடம் கழித்து 2022-ல் வரியைச் சீராய்ந்தபோதும் இணைந்த பகுதிகளுக்குத் தனி விகிதம்தான். 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்குப் பழைய சென்னையில் 50 விழுக்காடு உயர்வு, இணைந்த பகுதியில் 25. கேட்பு நோட்டீஸ் வந்ததும் பரப்பளவைச் சரிபாருங்கள். பழைய ஊராட்சிக் கணக்கில் வராண்டாவும் மாடிப்படியும் எப்படி அளக்கப்பட்டன என்பது அன்றைய பில் கலெக்டருக்கே வெளிச்சம்.

கிராம ஊராட்சிக்காரர்கள் இழப்பதும் உண்டு. நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிய திட்டம் நகர்ப்புறத்துக்குக் கிடையாது. வாக்காளர் எல்லாரும் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் கிராம சபையும் போய்விடும். அதற்கு மாற்றாக 2022 விதிகளின்படி பகுதி சபை வந்திருக்கிறது. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். இணைக்கும் உத்தேச அறிவிப்பு வந்தால், அதில் குறித்த நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாலை மறியலுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசிப் பேர் கூட அந்த மனுவைக் கொடுப்பதில்லை.

அப்புறம், பழைய பேரூராட்சியில் பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர் இணைப்புக்கோ டெபாசிட் கட்டியிருந்தால் அந்த ரசீது பத்திரம். புதிய அலுவலகம் மறுபடி கட்டச் சொன்னால் காட்டுவதற்கு வேறு எதுவும் இருக்காது. கட்டட அனுமதி வரைபடமும் அப்படியே; அசல் உங்களிடம் இல்லையென்றால், பழைய பலகை தொங்கும்போதே நகல் வாங்கிவிடுங்கள்.

இதை எழுதிவிட்டு என் வீட்டு 2022 நோட்டீஸைத் தேடினேன். மின்கட்டண அட்டை இருந்தது, பழைய காஸ் புத்தகம் கூட இருந்தது. நோட்டீஸைக் காணோம். திங்கட்கிழமை நானும் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.