‘யோசிச்சபடியே இருக்கிறா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

கிளிநொச்சியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புச் செய்கிற என் மேசைக்கு இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது கடிதம் இது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிற ஒரு அம்மா, “இரவிரவா யோசிச்சபடியே கிடக்கிறன், நித்திரை இல்லை” என்று சொல்லியிருக்கிறா. அதை வைத்தியருக்கு எழுதிக் கொடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் ‘கொன்டெம்பிளேட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. கொழும்பில் அதை வாசிக்கும் வைத்தியர், இவ அமைதியாகச் சிந்தனையில் இருக்கிறா என்றுதானே நினைப்பார்?

“எல்லாம் ஆழ்ந்த சிந்தனைதானே அக்கா, அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கு” என்கிறார்கள், இப்படி எழுதிக் கொடுக்கிற பிள்ளைகள். இல்லை, எல்லாம் ஒன்றில்லை! கொன்டெம்பிளேட்டிவ் என்பது ஆறுதலாக, தானே விரும்பி ஒன்றை மனதில் வைத்துப் பார்ப்பது. றிஃப்ளெக்டிவ், நடந்ததைத் திரும்பிப் பார்த்து விளங்கிக்கொள்ள முயல்வது. பென்சிவ் என்றால் முகத்தில் லேசான கவலை தெரிகிற யோசனை. தராசில் நிறுத்துப் பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புரூடிங் என்பது, கோழி அடைகாப்பதிலிருந்து வந்த சொல். அடைக்கோழியைக் கடகத்திலிருந்து தூக்கி முற்றத்தில் விட்டுப் பாருங்கள், சுற்றிச் சுற்றி வந்து திரும்ப அதே இடத்தில்தான் குந்தும். அந்த அம்மாவின் மனம் அப்படித்தான் கிடக்கிறது.

எங்களை அதிகம் ஏமாற்றுகிறது றூமினேட். அதுவும் மாடு அசைபோடுவதுதான், ஆனால் நாங்கள் பள்ளிக்கூட நாட்களைச் சந்தோசமாக அசைபோடுவோம், வைத்தியரின் தாளில் அந்தச் சொல் வந்தால் அதே வேதனையை விடமுடியாமல் திரும்பத் திரும்ப மெல்லுவது என்றே பொருள். உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமாவும் கூட இருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த றூமினேஷனையே புரூடிங், றிஃப்ளெக்‌ஷன் என்று இரண்டாகப் பிரித்தது. மனச்சோர்வோடு கூடுதலாக ஒட்டி நின்றது புரூடிங். சொல் மாறினால் பார்க்கிற வைத்தியரின் கண்ணும் மாறும்.

தம்பி தங்கச்சிமாரே, பெரிய சொல் தேடாதீர்கள். எதை யோசிக்கிறா, விட நினைத்தால் விடமுடிகிறதா, சாப்பிடுகிறாவா, படுக்கிறாவா என்று முதலில் கேளுங்கள். போன் தருகிற முதல் சொல்லை அப்படியே ஒட்டாதீர்கள். ஐமிச்சம் என்றால் அவ சொன்னதை அப்படியே, சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள்: மகனை நினைத்தபடி இருக்கிறா, நிறுத்த முடியவில்லை, இரவில் நித்திரை இல்லை. அதுக்காக ‘டிப்ரெஷன்’ என்று நீங்களே எழுதிவிடவும் வேண்டாம், அது வைத்தியர் சொல்ல வேண்டியது.