எப்போது சூடு ஏறுகிறது என்று முதலில் சொல்லுங்கள்

போன தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒரு வெள்ளை அம்பாசடரை லாரியில் ஏற்றிவந்து காரைக்குடியில் என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். பழைய பெட்ரோல் வண்டி. கூட வந்தவர் சென்னையில் வேலை பார்க்கிறவர், ஊர்க் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

"அப்பச்சி வாங்குன வண்டிண்ணே. ரேடியேட்டர் மாத்தியாச்சு, வாட்டர் பாடி மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டையும் கழட்டிப் போட்டாச்சு. இன்னும் கொதிக்குது. வித்துரலாமான்னு வீட்டுல கேக்குறாக."

நான் கேட்டது ஒன்றுதான். "எப்பண்ணே சூடு ஏறுது?"

கொஞ்சம் யோசித்தார். "ஊருக்குள்ள ஒண்ணுமில்ல. திருமயம் ரோட்டுல எழுபதுல போனா பத்து நிமிஷத்துல முள்ளு மேல போயிருது. மெதுவாப் போனா தானா இறங்கிருது."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. எழுபதில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், ஃபேனுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. அப்படியும் சூடு ஏறினால் காற்றில் குறையில்லை, தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் புதுசு, அவர் வாட்டர் பாடி என்று சொன்ன தண்ணீர்ப் பம்பும் புதுசு. பானட்டைத் திறந்து, எஞ்சினை நன்றாகச் சூடாகவிட்டு, பையனை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஏற ஏற, இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதேபோல அந்தத் தடித்த ரப்பர் குழாய் நடுவில் ஒட்டிப்போனது. காலை எடுத்ததும் மறுபடி உப்பிக்கொண்டது.

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை இழுப்பது அந்தக் குழாய் வழியாகத்தான். ஒட்டிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். கழற்றிக் கவிழ்த்தால் கம்பி வரவில்லை, துருதான் செம்மண் மாதிரிக் கொட்டியது. இதற்கு முன் மூன்று பேர் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட "எப்போது" என்று கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. ரேடியேட்டருக்குக் கொடுத்த காசு அவருடையது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகத்தில் சாமான் மாற்றுவார். நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிக்னலிலோ தேர்க்கூட்டத்திலோ நின்றால் மட்டும் சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், ஃபேனைப் பார்க்க வேண்டும். அம்பாசடரில் பெல்ட் தளர்ந்திருக்கும். மாருதி 800-இல் மின்சார ஃபேன், அதன் சுவிட்ச், ரிலே, எலி கடித்த வயர் என்று ஏதாவது ஒன்று. ஏ.சி. போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரில் நம்ம ஊர்ப் புழுதி அப்பியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்துக்குள் முள் எகிறினால் சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கலாம். முள் மேலே நிற்கிறது, ஆனால் எஞ்சினில் கொதிப்பே இல்லை என்றால் சென்சாரையோ எர்த்தையோ பார்த்தால் போதும்.

அடுத்து தண்ணீர். நம் பக்கத்துப் பழைய டிரைவர்கள் ஊருணித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். மழைத் தண்ணீர், உப்பு குறைவு, வண்டி தாங்கியது. இப்போது எல்லா வீட்டிலும் போர் தண்ணீர். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. வெளியே பளபளவென்று இருக்கும் ரேடியேட்டர் உள்ளே பாதி அடைத்திருக்கும். எஞ்சின் சூடானதும் அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால் அடைத்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருக்கும். (மின்சார ஃபேன் உள்ள வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றாமல் கையை விடாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும்.) பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைக்கலாம். பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். துருப் பிடிக்காமல் இருக்கத்தான். அந்த ஹோஸில் கொட்டிய துருவுக்குக் காரணமே வெறும் தண்ணீர்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். சூடு என்றதும் அதைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், தேய்மானம் ஏறும். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும். சோதிப்பது சமையல்கட்டு வேலைதான். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் வெப்பமானி. அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு மதியம் அவசரப்பட்டுத் திறந்தேன். இடது முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை, தழும்பு இன்னும் இருக்கிறது. 0.9 பார் மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 118 வரை தாங்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடுகிறது, அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் பொங்கி முகத்துக்கு வரும். துணியைச் சுற்றிப் பிடித்தாலும் அதேதான். மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கினால் தளர்வாக, வெறும் கையால் பிடிக்கும் சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் பொறுங்கள்.

முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ உடனே அணைத்துவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். "பட்டறை பக்கத்துலதான" என்று ஒருவர் குன்றக்குடியிலிருந்து முள் சிவப்பில் நிற்க மாருதியை ஓட்டியே வந்தார். அலுமினிய ஹெட், வளைந்துவிட்டது. லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு, அதாவது மட்டமாகச் சீவித்தான் திரும்ப மாட்டினோம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், எஞ்சின் முழுக்க ஆறிய காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தாலோ, ஆயில் மூடிக்குள் மோரைப் போல வெளுத்துப் படிந்திருந்தாலோ வண்டியை ஓட்ட வேண்டாம், ஏற்றி அனுப்புங்கள்.

வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் நின்று, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கிளம்புகிற வண்டிகள் இங்கே நிறைய. அவற்றை நெடுஞ்சாலையில் விடுவதற்கு முன் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள், பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், வண்டிக்கு அடியில் தரையில் ஈரத்தடம் இருக்கிறதா பாருங்கள். ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிறகு திருச்சிக்குக் கிளம்புங்கள்.

அந்த அம்பாசடருக்குப் புதுக் கம்பியோடு ஹோஸ் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் வேறொன்று தேடிப் பிடிக்கத்தான் ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அவர் சென்னை திரும்பிவிட்டார். அவர் தம்பி வந்து, திருமயம் வரை எழுபதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைக் கானாடுகாத்தானுக்கு எடுத்துப்போனார்.