முன்பின் பார்த்திராதவருக்கு ஏன் அழுகிறோம்?

2015 நவம்பர் 18, புதன்கிழமை காலை. ரக்பி வீரர் ஜோனா லோமு ஆக்லாந்தில் தன் வீட்டில் இறந்துவிட்டார் என்ற செய்தி நியூசிலாந்து முழுக்கப் பரவியது. வயது 40. உலகக் கோப்பை ரக்பி போட்டிகளுக்காக இங்கிலாந்து போயிருந்தவர், மனைவியோடும் இரண்டு சிறு மகன்களோடும் துபாய் வழியாக ஊர் திரும்பி ஓர் இரவுதான் ஆகியிருந்தது. நியூசிலாந்து அணி கோப்பையை வென்று பதினெட்டு நாள். கொண்டாட்டம் அடங்குவதற்குள் இழவு.

ரக்பி நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடவேண்டும். எதிரணி இடுப்பிலோ காலிலோ பிடித்து வீழ்த்தப் பார்க்கும். தப்பித்து எதிர்க்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ஒரு 'டிரை'. ஆடுகளத்தின் ஓரத்தில் ஓடும் 'விங்' ஆட்டக்காரர்கள் பொதுவாக ஒல்லியாக, வேகமாக இருப்பார்கள். லோமு அந்த இடத்தில் நின்ற ஆறடி ஐந்தங்குல மனிதர், ஏறக்குறைய 120 கிலோ. அந்த எடையோடு ஒல்லியானவர்களை விட வேகமாக ஓடினார். 1995 ஜூன் 18 அன்று கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் நான்கு டிரை போட்டார். முதல் டிரையின்போது குறுக்கே வந்த மைக் கேட் என்ற ஆட்டக்காரர் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு போனார். ரக்பி தெரியாதவர்களும் அந்தச் சில நொடிக் காட்சியை எங்காவது பார்த்திருப்பார்கள். அன்று லோமுவுக்கு வயது 20.

அவர் நோயாளி என்பது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. அந்த 1995-ஆம் ஆண்டின் கடைசியிலேயே சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-இல் டயாலிசிஸ், 2004-இல் மாற்றுச் சிறுநீரகம், 2011-இல் அதுவும் பழுது, மறுபடி டயாலிசிஸ். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நாடே அறிந்த நோய். அப்படியிருந்தும் செய்தி கேட்டவர்கள் திடீர் விபத்தைக் கேட்டதுபோல உறைந்துபோனார்கள். பெரும்பாலானோர் அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. தெரிந்தே இருந்த ஒன்று ஏன் இப்படி அதிர்ச்சியாகிறது? முன்பின் பழகாதவருக்கு வரும் கண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முதலில் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. லோமுவுக்கு வந்தது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சல்லடையின் கண் பெரிதாகி, வெளியே போகக்கூடாத ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் நீர் கசிந்து காலும் முகமும் வீங்கும். ஈடுகட்ட முயலும் கல்லீரல் கொழுப்பையும் சேர்த்து அதிகமாக உற்பத்தி செய்யும். வடிகட்டிகள் தழும்பேறிக் கெட்டால் கடைசியில் டயாலிசிஸ்.

டயாலிசிஸ் இயந்திரம் வேலை செய்வது வாரத்தில் சில முறை, சில மணி நேரம். உண்மையான சிறுநீரகத்துக்கு ஓய்வே கிடையாது. இடைப்பட்ட நேரத்தில் நீரும் பொட்டாசியமும் தேங்கி, இரத்த அழுத்தம் ஏறி, இதயத் தசை தடிக்கிறது. பாஸ்பரஸ் மிகுந்து, குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படிகிறது. சிறுநீரக நோயாளிகள் பலரைக் கொண்டுபோவது சிறுநீரகம் அல்ல, இதயம். லோமுவின் மரணத்துக்குச் சொல்லப்பட்ட காரணமும் மாரடைப்புதான். இதில் எனக்கு ஆறாத வியப்பு ஒன்று உண்டு: 1999 உலகக் கோப்பையில் அவர் எட்டு டிரை போட்டது இந்த நோயோடுதான். நோய் தெரியுமுன் 1995-இல் போட்டது ஏழு.

இனி, பார்த்தவர்களின் மூளைக்கு வருவோம்.

1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அன்று புதிதாயிருந்த தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தினமும் வரும் ஒருவரோடு பார்வையாளருக்கு ஒருவகை உறவு உண்டாகிவிடுகிறது, அவருடைய பழக்கவழக்கங்கள், பேச்சு, சிரிப்பு எல்லாம் அத்துப்படியாகிவிடுகின்றன, அவருக்கு மட்டும் நம்மைத் தெரியாது என்றார்கள். ஒருவழிப் பாதை போன்ற உறவு. இதைப் போலி என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் முகத்தை அடையாளம் காணவும் குரலைக் கேட்டு மனநிலையை ஊகிக்கவும் மூளை வைத்திருக்கும் கருவிகள், திரை என்ற ஒன்று வருவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானவை. அடிக்கடி பார்க்கும் முகம் என்றால் அது நம் கூட்டத்து ஆள் என்பதே அவற்றின் கணக்கு. எதிர்முனையில் பதில் வருகிறதா என்று அவை தணிக்கை செய்வதில்லை.

திரையில் இருப்பவருக்கு வயதும் ஆவதில்லை. லோமு டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளிலும், ரசிகர் மனத்தில் அவர் கேப் டவுன் புல்வெளியில் ஓடிக்கொண்டேதான் இருந்தார். செத்தது நாற்பது வயது நோயாளி. ரசிகர் இழந்தது இருபது வயது இளைஞனை. அதிர்ச்சிக்குப் பாதிக் காரணம் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி, நாம் யார் என்பதைப் பொறுத்தது. 1977-இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற உளவியலாளர்கள் 40 கறுப்பின அமெரிக்கர்களையும் 40 வெள்ளை அமெரிக்கர்களையும் கேட்டார்கள்: தலைவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கென்னடியைப் பற்றி ஏறத்தாழ எல்லோருமே படம்பிடித்ததுபோல் சொன்னார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்றதும் கணக்கு பிரிந்தது. கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பேருக்கு அந்தக் கணம் துல்லியமாக நினைவிருந்தது. வெள்ளையரில் மூன்றில் ஒருவருக்குத்தான். ஒரு சாவு நம் வாழ்வை எவ்வளவு தொடுகிறதோ அவ்வளவு ஆழத்தில் மூளை அதைப் பொறிக்கிறது. (அந்த நினைவு பளிச்சென்று இருக்கும், சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அது தனிக் கதை.)

லோமுவின் பெற்றோர் பசிபிக் கடலின் டோங்காத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது 1975-இல். விசாக் காலம் கடந்து தங்கியவர்களைத் தேடுகிறோம் என்று நியூசிலாந்துப் போலீசார் விடியற்காலையில் பசிபிக் தீவுக் குடும்பங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்படித் தங்கியவர்களில் வேறு நாட்டவர் ஏராளமாக இருந்தும், குறிவைக்கப்பட்டது தீவு மக்கள்தான். 2021-இல்தான் அரசு அதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்த மக்கள் நிறைந்த தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரே பகுதியில் வளர்ந்த பையன், 19 வயதில் நாட்டு ரக்பி அணியின் கறுப்புச் சட்டையை அணிந்தான்; அடுத்த ஆண்டு உலகமே அவன் பெயரைச் சொன்னது. அந்தத் தெருக்களில் அவருக்காக அழுதவர்கள் விளையாட்டு வீரருக்காக மட்டும் அழவில்லை. கதவு தட்டப்பட்ட வீடுகளுக்கு அவர் ஒரு பதிலாக இருந்தார்.

துக்கத்தின் உள்வேலை குறித்து இன்னொன்று. 2008-இல் மேரி-பிரான்சிஸ் ஓ'கானர் குழுவினர், மார்பகப் புற்றுநோயால் தாயையோ சகோதரியையோ இழந்த பெண்களின் மூளையைப் படமெடுத்தார்கள். துக்கம் ஆறாமல் நீண்டுகொண்டே போனவர்களிடம், இறந்தவரின் படத்தைப் பார்க்கும்போது வலி தொடர்பான பகுதிகளோடு 'நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ்' என்ற பகுதியும் உயிர்பெற்றது. அது ஏக்கத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் உரிய இடம். பசித்தவன் சோற்றை எதிர்பார்ப்பதுபோல மூளை இறந்தவரை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. இது நெருங்கிய உறவை இழந்தவர்களிடம் செய்த ஆய்வு. ரசிகர்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ஆள் போனது அறிவுக்குத் தெரிந்த பிறகும் எதிர்பார்ப்பு போக நாளாகும் என்பது எல்லாத் துக்கத்துக்கும் பொது. அந்தச் செய்தியை உடம்புக்குள் இறக்க ஏதாவது செய்தாக வேண்டும். சடங்கின் வேலை அது.

நவம்பர் 28 அன்று தெற்கு ஆக்லாந்தின் மனுகாவில் டோங்கா முறைப்படி அஞ்சலி நடந்தது. டோங்கா இழவில் கறுப்பு உடையின் மேல் இடுப்பைச் சுற்றிப் பாய் கட்டுவார்கள். இறந்தவரை விடக் கீழ்முறையில் இருக்கும் உறவினர் கட்டுவது பெரிய, நைந்த, கிழிந்த பாய். யாருக்கு என்ன முறை என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். நவம்பர் 30 அன்று ஈடன் பார்க் மைதானத்தில் பொது அஞ்சலி. லோமு படித்த வெஸ்லி கல்லூரி மாணவர்கள் ஹாக்கா ஆடினார்கள். சவ ஊர்தி கிளம்பியபோது முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள்.

ஹாக்காவை ஆட்டத்துக்கு முன் எதிரியை மிரட்டும் கூத்து என்றே வெளியார் நினைக்கிறார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை வரவேற்புக்கும் ஆடுவார்கள், இழவுக்கும் ஆடுவார்கள். புகழ்பெற்ற 'கா மாத்தே' ஹாக்காவின் முதல் சொற்களே 'சாவு, சாவு. வாழ்வு, வாழ்வு' என்ற பொருள் கொண்டவை. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் ஒரே நேரத்தில் தரையை மிதித்து, தொடையிலும் மார்பிலும் அறைந்து, கண்ணை உருட்டி மறுகுரல் எழுப்புவார்கள். மாரடித்து அழுதவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை.

ஒரே தாளத்தில் அசைவது உடம்பை என்ன செய்கிறது? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து எம்மா கோஹன், ராபின் டன்பார் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். இயந்திரத்தில் தனியாகத் துடுப்பு வலித்த பிறகும், அணியோடு சேர்ந்து வலித்த பிறகும், கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உழைப்பு ஒன்றுதான், சேர்ந்து செய்தபோது தாங்கும் திறன் கூடியிருந்தது. மூளையே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரப்பதே காரணம் என்று கருதுகிறார்கள். அதை நேரடியாக அளக்கவில்லை, ஊகம்தான். ஆனால் நல்ல ஊகம்.

பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பவர்கள்? ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூனில் தீமிதிப்பார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், தீமிதிப்பவர், வேடிக்கை பார்ப்பவர் இருவருடைய இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். அசையாமல் நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பு, தணலில் நடப்பவரின் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்களிடம் அப்படி இல்லை. ஈடன் பார்க்கில் உட்கார்ந்திருந்தவர்களின் துடிப்பை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் இதுபோலத்தான் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஒத்திசைவுக்குச் சத்தம் தேவை என்றும் இல்லை. அயர்லாந்தின் மன்ஸ்டர் ரக்பி அணிப் பயிற்சியாளர் ஆண்டனி ஃபோலி, 2016 அக்டோபர் 16 அன்று பாரிசில் ஆட்டத்துக்காகத் தங்கியிருந்த விடுதியில் இறந்தார். வயது 42. நுரையீரலில் நீர் கோத்ததே காரணம். மன்ஸ்டரின் தாய்மைதானமான தாமண்ட் பார்க், எதிரணிக்காரர் பந்தை உதைக்கும்போதுகூட மூச்சடக்கி அமைதி காப்பதற்குப் பேர்போனது. ஆறாம் நாள் கிளாஸ்கோ அணியோடு அங்கே ஆட்டம். ஃபோலி அணிந்து ஆடிய எட்டாம் எண்ணை அன்று யாரும் அணியவில்லை. மௌன அஞ்சலியும் ஒருவகைத் தாளம்தான்: ஆயிரக்கணக்கானவர் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்யாமல் இருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. கைபேசியில் மெழுகுவத்திப் படம் போடுவதில் அந்தப் 'பக்கத்தில் இருப்பவர்' இல்லை. அதனால்தானோ என்னவோ, இணைய அஞ்சலி எனக்கு அரைவயிற்றுச் சாப்பாடாகவே படுகிறது.

மாவோரி இழவு முறையில் 'காவே மாத்தே' என்று ஒன்று உண்டு. சாவுக்கு வரமுடியாத ஊர்களுக்கு, பின்னொரு நாள் இறந்தவரின் நினைவைச் சுமந்து போவார்கள். பெரும்பாலும் அவருடைய படத்தோடு. துக்கம் கேட்க வரமுடியாதவர்களின் இடத்துக்குத் துக்கமே போகிறது. ஃபோலி இறந்த அதே ஆண்டு நவம்பர் 11 அன்று நியூசிலாந்தின் மாவோரி ரக்பி அணி மன்ஸ்டரோடு ஆட தாமண்ட் பார்க்குக்கு வந்தது. ஹாக்காவுக்கு முன் அணித்தலைவர் ஆஷ் டிக்சன், ஃபோலியின் முதலெழுத்துகள் பொறித்த கறுப்புச் சட்டை ஒன்றை நடுக்களத்தில் விரித்து வைத்தார். சட்டைக்குப் பின்னால் நின்று அணியினர் தரையை மிதித்து ஆடினார்கள். அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. ஆடி முடித்ததும் டிக்சன் சட்டையை எடுத்துக்கொண்டு போய் ஃபோலியின் இரண்டு மகன்களின் கையில் கொடுத்தார். அதன் பிறகு ஆட்டம் தொடங்கியது.