ஜேட்: பச்சைக்கல்லும் அல்ல, மரகதமும் அல்ல

சீனப் பேரரசர்கள் போற்றிய ஜேட் என்னும் அருங்கல்லில் செய்த பொருள்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், கை தானாகவே 'பச்சைக்கல்' என்றோ 'மரகதம்' என்றோ எழுதிவிடுகிறது. இரண்டுமே பொருந்தாது. மரகதம் வேறு கனிமம். பச்சையோ ஜேட்டின் பல நிறங்களில் ஒன்றுதான். பெய்ஜிங் அரண்மனையில் உயர்வாக மதித்தது, எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் வெள்ளைக் கல்லை. அதற்குப் பெயரே 'ஆட்டுக்கொழுப்பு ஜேட்'. அதைப் போய்ப் பச்சைக்கல் என்று எப்படிச் சொல்வது?

சொல்லின் பிறப்பு சீனாவில் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் நடு அமெரிக்காவில் இந்தக் கல்லைக் கண்ட ஸ்பானியர்கள், இடுப்புப் பக்க வலிக்கு இது நல்லது என்று நம்பி 'பியெத்ரா தே இஹாதா' என்றார்கள், அதாவது விலாப்பக்கக் கல். அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஜேட் ஆனது. சிறுநீரக வலியை ஆற்றும் கல் என்ற லத்தீன் பெயரிலிருந்து 'நெஃப்ரைட்' வந்தது. 1863இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சிஸ் தமூர், ஜேட் என்ற பெயரில் இரண்டு கனிமங்கள் இருப்பதைக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட், இன்னொன்றுக்கு அவர் 'ஜேடைட்' என்று பெயர் வைத்தார்.

சீனர்கள் சொல்வது 'யூ'. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது பெரும்பாலும் நெஃப்ரைட்தான். பளிச்சென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து ஏராளமாக வந்தது 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. 'யூ' எழுத்துக்கும் 'அரசன்' எழுத்துக்கும் இன்று ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் அது பிறந்தது நூலில் கோத்த ஜேட் துண்டுகளின் படத்திலிருந்து. ஒலியும் பொருள் தரும்: வௌவாலுக்கும் நற்பேறுக்கும் 'ஃபூ' என்ற ஒரே ஒலி என்பதால், ஜேட் கிண்ணத்தில் ஐந்து வௌவால் உருவங்கள் இருந்தால் ஐந்து பேறுகள் என்று பொருள்.

சரி, வினைச்சொல்? 'ஜேட் செதுக்கினார்கள்' என்பதும் தவறான படத்தைத் தருகிறது. நெஃப்ரைட்டின் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உளிக்கு அது எளிதில் மசியாது. கைவினைஞர் காலால் மிதித்துச் சுழற்றும் இரும்பு வட்டில் ஈர மணலை இட்டுக்கொண்டே இருப்பார். கல்லை அறுப்பது வட்டு அல்ல, அந்த மணல். சந்தனக் கட்டையைத் தண்ணீர் விட்டு இழைக்கிறோமே, அந்த 'இழைத்தல்'தான் இதற்குச் சரியான தமிழ் என்பேன்.

சியென்லோங் பேரரசருக்காக யாங்சோ நகரில் உருவான 'யூ மன்னன் வெள்ளத்தை அடக்குதல்' என்ற மலை வடிவ ஜேட் சிற்பத்தின் எடை 5 டன்னுக்கும் மேல். மலைச்சரிவெங்கும் பாறை உடைக்கும் சிறு சிறு மனிதர்கள். 1787இல் முடிந்த அந்த வேலை முழுவதும் மணலும் தண்ணீரும் தேய்த்துத் தேய்த்து எடுத்தது. பெயரில் வரும் யூ பழைய அரசர். கல்லைக் குறிக்கும் யூவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எழுத்தும் தொனியும் வேறு.

பாங்காக்கின் 'மரகத புத்தர்' சிலை மரகதமே அல்ல என்றாலும், ஊன்றிவிட்ட பெயர், இருக்கட்டும். மற்ற இடங்களில் ஜேட் என்றே எழுதுவோம். படத்துக்கு அடியில் 'பச்சைக்கல்லில் செதுக்கிய கிண்ணம்' என்று போடுவதற்குப் பதில் 'வெள்ளை ஜேட்டில் இழைத்த கிண்ணம்' என்று போடலாம்.