பார்வையற்றவர் படிக்கக்கூடிய வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றித் தர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

யாரிடமும் கேட்க வேண்டாம். இந்தியச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் "பதிப்பகத்தார் கேஸ் போட்டுவிட்டால்?" என்று பயந்து, ஸ்கேன் செய்து தரத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அந்த மாணவருக்குத் தேர்வே வந்துவிடும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். அப்போது பிரிவு 52(1)-இல் 'இசட்.பி.' என்ற உட்பிரிவு சேர்ந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக எந்தப் படைப்பையும் அவருக்கு ஏற்ற எந்த வடிவத்துக்கும் மாற்றலாம், அவருக்குக் கொடுக்கலாம், அது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்: அம்மா, நண்பர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். சொந்த வாசிப்பு, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்காக இருந்தால் போதும்.

'எந்த வடிவமும்' என்பதுதான் இதில் முக்கியம். 2010-இல் வந்த மசோதாவில் பிரெய்ல் போன்ற சிறப்பு வடிவங்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. பிரெய்ல் தெரியாத பார்வையற்றவர்கள் ஏராளம். கணினியிலோ செல்போனிலோ, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் வழியாகக் கேட்டுத்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சாதாரண வேர்டு ஃபைல் போதும். மாற்றுத்திறனாளிகள் விடாமல் போராடிய பிறகே அந்த வரம்பு நீங்கியது.

சரி, பக்கத்தை போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக அனுப்பினால் ஆகாதா? ஆகாது. கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) மென்பொருளில் போட்டு எழுத்தாக்க வேண்டும். அப்புறம் ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்தவும் வேண்டும். தமிழில் துணைக்காலையும் 'ர'வையும் மென்பொருள் குழப்பிக்கொள்ளும். பக்க எண்ணை நீக்காவிட்டால் திரைவாசிப்பான் வாக்கியத்தின் நடுவே "நாற்பத்தேழு" என்று வாசித்துவிட்டுப் போகும்.

தொண்டு அமைப்புகள், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், நூலகங்கள் ஆகியவற்றுக்கும் இந்த உரிமை உண்டு. லாபம் வைக்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பிரதி மாற்றுத்திறனாளிகளிடம் மட்டுமே போவதையும், கடைச் சரக்காகிவிடாமல் இருப்பதையும் அமைப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். லாப நோக்கில் செய்பவர்களுக்குப் பிரிவு 31பி. அவர்கள் விண்ணப்பித்துக் கட்டாய உரிமம், அதாவது பதிப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் சட்டப்படி கிடைக்கும் அனுமதி, வாங்க வேண்டும்.

வெளிநாட்டு நூல்களுக்கு, பார்வையற்றோருக்கான மராகேஷ் என்ற சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 2013-இல் நிறைவேறிய இதை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டில் தயாரான பிரதியை இன்னொரு உறுப்பு நாட்டுக்கு அனுப்ப இது வழி செய்கிறது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தந்த இந்த உட்பிரிவு, பதிப்பகம் தன்னிடம் இருக்கும் மூல ஃபைலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் கணினியில் உருவான புத்தகத்தையே மறுபடி ஸ்கேன் செய்து, எழுத்தெழுத்தாகத் திருத்த வேண்டியிருக்கிறது. ஃபைலைக் கேட்டுப் பாருங்கள். மனமுவந்து தருபவர்களும் உண்டு. கேட்பதற்கு முன், 2016-இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற, இப்படி மாற்றிய நூல்களுக்கான இணைய நூலகத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். நீங்கள் தட்டச்சு செய்ய உட்காரும் புத்தகத்தை வேறொருவர் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கலாம்.