ஸ்லொட் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்

ஹட்டன் பக்கம் கம்பியூட்டர் திருத்துகிறவன் நான். சித்திரை மாதத்தில் பின்னேரம் இடி முழங்கினால் மறுநாள் காலையில் போன் வராமல் இருக்காது. போன வருடமும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் கூப்பிட்டார். "தம்பி, கலர் சோட்டர் கம்பியூட்டர் செத்துப்போச்சு. புதுசு வாங்கியாச்சு, அந்தக் கார்டை மட்டும் மாத்திக் குடுங்க." கலர் சோட்டர் என்றால் தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் மெசின், அதைக் கம்பியூட்டரோடு இணைப்பதுதான் அந்தக் கார்டு.

கழற்றிப் பார்த்தால் கார்டு பிசிஐ, புது மதர்போர்டில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். இரண்டுமே கார்டு செருகும் ஸ்லொட்டின் வகைகள். கடைக்காரர் "பிசிஐ இருக்கு" என்று சொன்னது பொய்யில்லை, அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். பிசிஐ 1992இல் வந்தது, 32 கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவு போகும். எக்ஸ்பிரஸ் 2003இல் வந்தது, அதில் தரவு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்றின் கார்டு மற்றதில் ஏறவே ஏறாது.

சரி, பிசிஐ ஸ்லொட் உள்ள போர்டாகவே வாங்கினால்? நானும் அப்படித்தான் வாங்கிப் போட்டேன். கார்டு உட்கார்ந்தது, டிரைவர் ஏறியது, கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்படியே உறைந்துபோனது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏஸ்மீடியா 1083 என்று ஒரு சிப். 2011இல் இருந்து இன்டெல் தன் சிப்செட்டுகளில் (மதர்போர்டின் முக்கிய சிப்புகளில்) பிசிஐயைப் படிப்படியாகக் கைவிட்டதால், போர்ட் செய்பவர்கள் எக்ஸ்பிரஸிலிருந்து இப்படி ஒரு பாலம் போட்டு ஸ்லொட் கொடுக்கிறார்கள். சாதாரண சவுண்ட் கார்டுக்கு அது போதும். ஆனால் இந்தச் சிப்பில் இன்டரப்ட் (கார்டு கம்பியூட்டரைக் கூப்பிடும் சைகை) சிக்கிக்கொள்வது லினக்ஸ்காரர்களுக்குப் பழகிப்போன தலைவலி, இங்கேயும் அதுதான் என்று என் சந்தேகம்.

ஐஎஸ்ஏ கார்டு என்றால் இன்னும் பாடு. பிசிஐக்கும் முன்னால், 1981இல் ஐபிஎம் பீசியோடு வந்த ஸ்லொட் வகை அது. யூஎஸ்பி அடாப்டர் இருக்கிறது, ஆனால் டிஎம்ஏ (மெமரியோடு நேரடியாகத் தரவு மாற்றும் வழி) கேட்கும் கார்டுகள் அதில் பெரும்பாலும் ஓடாது. சில கார்டுகளுக்கு மைனஸ் 5 வோல்ட் வேண்டும், இப்போதைய பவர் சப்ளையில் அந்தக் கம்பியே கிடையாது. தொழிற்சாலைகளுக்கென்றே செய்யும் போர்டுகளில் ஐஎஸ்ஏ இன்னும் கிடைக்கிறது. விலையைக் கேட்டால் துரைமார் முகம் மாறிவிடும்!

கடைசியில் பழைய பெட்டியையே கேட்டேன். அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதே மாடல் போர்ட் ஒன்று என் அலுமாரியில் கிடந்தது, வீங்கிய கப்பாசிட்டர் நாலை மாற்றிப் போட்டதும் மெசின் ஓடியது. இனி யாராவது புதுசு வாங்கப் போவதற்கு முன்னால், பழைய கார்டில் ஸ்லொட்டுக்குள் செருகும் அடிப்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியை இரும்புக்குப் போடுவதை அப்புறம் பார்க்கலாம்.